வலது பக்கம் பாருங்கள்

எரிமலைச் சேற்றுக்குளத்தைத் தாண்டித் தெற்கே ஏறும் சாலையில் ஒரு வளைவு வரும். குளோவிஸ் அங்கே வேனின் வேகத்தைக் குறைத்து, மைக்கை எடுத்து, ஏதோ புதையலைக் கண்டவன் மாதிரி கத்துவான்.

"எல்லாரும் வலது பக்கம் பாருங்க! கடலுக்குள்ள கறுப்பா ஒரு பாறை தெரியுதா? சீக்கிரம் சீக்கிரம், போயிடப் போவுது!"

பாறை எப்படிப் போகும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சுற்றுலா வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் நம்பும் ஒரு நல்ல குணம் உண்டு. வேன் முழுக்கத் தலைகள் வலது பக்கம் திரும்பும். கேமராக்கள் கிளிக் கிளிக் என்னும். உண்மையில் அங்கே பாறையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கடல், அவ்வளவுதான்.

சூஃபிரியேர் ஊரில் குளோவிஸைத் தெரியாதவர்கள் இல்லை. வாயாலேயே வடை சுடுகிற ஆசாமி. செயிண்ட் லூசியா தீவில் பார்ப்பதற்கு ஆண்டவன் அள்ளிக் கொட்டித்தான் வைத்திருக்கிறான். ஆனால் அது போதாது என்று குளோவிஸ் நினைத்தான். சேற்றுக்குளத்தில் இறங்கும் முன் வழுக்கைத் தலையர்களைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தச் சேற்றைப் பூசிக்கொண்ட ஒரு பிஷப்புக்கு ஆறே வாரத்தில் சுருட்டை முடி முளைத்ததாகச் சொல்வான். தோராய் அருவியில் குளித்துக்கொண்டே பொய் சொன்னால் தண்ணீர் சுடும் என்பான். அவன் தலையில் மட்டும் அது எப்போதும் குளிர்ந்தே விழுந்தது.

இந்தப் புருடாக்களால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை, ஜூன் மாதம் வரை. ஜூனில் அவன் யூலாலியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

யூலாலி கொக்கோ விற்பவள். முற்றத்தில் கொக்கோ விதைகளைக் காயவைத்து, பெரிய இரும்புச் சட்டியில் கொட்டி, வெறுங்காலால் ஆடி ஆடி மிதித்து மெருகேற்றி, இடித்து உருட்டிக் குச்சிகளாகச் சந்தைக்குக் கொண்டு போவாள். நல்ல குரல். ரோஜாவின் பெயரில் ஊர்க்காரர்கள் நடத்தும் லா ரோஸ் பாட்டுச் சங்கத்துக்கு அவள்தான் முதல் பாடகி. அவள் தொடங்காமல் ஊரில் ஒரு பாட்டும் தொடங்காது. அவளைச் சிரிக்க வைப்பது சுலபம், ஏமாற்றுவது கஷ்டம்.

மாம்பழங்கள் சாலையில் உருண்டு கிடக்கிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மலைமுகட்டுக்குக் கூட்டிப்போய், எதிரே கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இரண்டு பிதோன் மலைகளையும் காட்டினான்.

"அந்த ரெண்டு பேரையும் பாரு யூலாலி. பெரியவன் ஒரு பக்கம், சின்னவ ஒரு பக்கம், நடுவுல கடல். எத்தனை புயல் அடிச்சிருக்கும்! ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதை நிறுத்தினாங்களா? நாமளும் அப்படி இருப்போமா?"

யூலாலி கையிலிருந்த மாம்பழத்தைக் கடிக்க மறந்துபோனாள்.

"ரோஸ் பெருநாள் வரட்டும். சொல்றேன்," என்றாள். சொன்னபோது முகம் திரும்பியிருந்தது, ஆனால் காது சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கொக்கோக் குச்சிகளோடு டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் குளோவிஸின் வேனிலேயே கடைசி சீட்டில் ஏறினாள். முன் சீட்டுகளில் தேனிலவுக்கு வந்த ஜோடிகள். மலைமுகட்டில் வேன் நின்றது. குளோவிஸ் மைக்கை எடுத்தான். பின்னால் யார் இருக்கிறார் என்பதை இந்த மடையன் சுத்தமாக மறந்துவிட்டான்.

"அந்த ரெண்டு பேரையும் பாருங்க! பெரியவன் ஒரு பக்கம், சின்னவ ஒரு பக்கம், நடுவுல கடல்..."

ஒரு சொல் மாறவில்லை. 'எத்தனை புயல்' என்ற இடத்தில் விட்ட பெருமூச்சு கூட அதே நீளம். ஜோடிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். கடைசி சீட்டில் யூலாலி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளைவு வந்ததும் வேனின் பக்கவாட்டில் டொக் டொக் என்று தட்டினாள். அவள் வீடு அங்கேதான்.

குளோவிஸ் ஓடிவந்து கூடையை வாங்கி இறக்கினான். "கூடையைக் குடு," என்றாள் அவள் இறங்கி.

"யூலாலி, கேளு, அது மொதல்ல உனக்குத்தான்..."

"அப்படியா? போன வருஷம் என் அத்தை பொண்ணு உன் வேன்ல வந்தா. அவ அழுதுட்டே வந்து ஏதோ ரெண்டு மலையோட காதல் கதைன்னு எங்கிட்ட சொன்னா. அது இதுதான்னு இப்பத்தான் புரியுது."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. சந்தையில் எதிரே வந்தால் கத்தரிக்காயின் விலையைக் கேட்கப் போய்விடுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் ரோஸ் பெருநாள். அதற்கு முந்தின சனிக்கிழமைகளில் சாயங்காலம் லா ரோஸ் கூடம் அரண்மனையாகிவிடும். அட்டைக் கிரீடத்தோடு ராஜாவும் ராணியும் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிறவன் அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அனுமதி கேட்காமல் ஆடினாலும் பிடிக்கும், ஆடாமல் தூங்கினாலும் பிடிக்கும். பிடித்தவனுக்கு நர்ஸ் வைத்தியம் பார்ப்பாள், நீதிபதி தண்டனை கொடுப்பார். எல்லாம் விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டில் சிரித்துக்கொண்டே தப்பித்தவன் எவனும் கிடையாது.

குளோவிஸ் கூடத்துக்குள் ஒரு காலைத்தான் வைத்தான். விசில் ஒலித்தது. மற்ற நாட்களில் ரொட்டி சுடுகிற புரோஸ்பர், தொப்பியும் மரக்கத்தியுமாக வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"நட."

"நான் என்னடா பண்ணேன்?"

"மொதல்ல கைது. என்ன பண்ணேங்கிறதை உள்ள போய்ப் பாத்துக்கலாம்."

நீதிபதி ஹிலாரியன் பஞ்சு ஒட்டிய தொப்பிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பிழைப்புக்குச் சவப்பெட்டி செய்கிறவர். கடைசியில் எல்லாரையும் அளவெடுக்கப் போகிறவர் என்பதால் அவரிடம் யாரும் வாலாட்டுவதில்லை.

நர்ஸ் செராஃபின் வெள்ளை ஏப்ரனும் மரக்கரண்டியுமாக முன்னால் வந்தாள். அவள் குளோவிஸின் அம்மா.

"நாக்கை நீட்டு."

"அம்மா, நீயுமா?"

"இங்க அம்மா கிம்மா எல்லாம் கிடையாது. நீட்டு." கரண்டியால் அழுத்திப் பார்த்தாள். "நாக்கு நல்லாத்தான் இருக்கு ஐயா. நான் பெத்தப்ப இதுல பாதிதான் இருந்துச்சு."

கூடம் குலுங்கியது. வழக்குப் போட்டவர் யார் என்று நீதிபதி கேட்டபோது, வாத்தியக்காரர்கள் பக்கத்திலிருந்து யூலாலி எழுந்தாள்.

"நான்தான் ஐயா. வெளியூர்க்காரங்களுக்குக் கூவிக் கூவிச் சொல்ற பேச்சை இவன் எங்கிட்ட வந்து கல்யாணப் பேச்சுன்னு சொன்னான்."

"அதாவது, முந்தாநாள் ரொட்டியை இன்னைக்குச் சுட்டதுன்னு வித்திருக்கான்," என்று நீதிபதி சுருக்கினார்.

புரோஸ்பர் இருமினான்.

"குளோவிஸ்," என்றார் நீதிபதி, "இப்பவே, இங்கயே, புதுசா ஒண்ணு சொல்லு. உன்னை விட்டுடறேன்."

குளோவிஸுக்கு உயிர் வந்தது. பேசச் சொன்னால் அவனுக்கு என்ன குறை! தொண்டையைச் செருமி, கையை நெஞ்சில் வைத்தான்.

"யூலாலி! எம் மனசு நம்ம எரிமலை மாதிரி..."

"மேல புகை, உள்ள நெருப்பு!" என்று கூடம் முழுக்க ஒரே குரலில் முடித்து வைத்தது. அவன் கூட்டாளி டிரைவர்கள் முன் வரிசையில் இருந்தார்கள், பாவிகள்.

"சரி, சரி. யூலாலி, எம் ஆசை தோராய் அருவி..."

"எங்க பொறக்குதுன்னு தெரியாது, எப்பவும் நிக்காது!"

"இந்தக் கடல்ல எத்தனை..."

"மீனு இருக்கோ அத்தனை முத்தம்!"

ராணி கிரீடம் கழன்று விழும்படி சிரித்தாள். குளோவிஸ் அசடு வழிய நின்றான். துடைப்பத்தோடு ஒரு சுற்று ஆட வேண்டும் என்பது முதல் தண்டனை. ஆடினான். அடுத்த சனிக்கிழமைக்குள் எந்த விருந்தாளியின் காதிலும் விழாத ஒரு பேச்சைக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது.

"கொண்டு வரலன்னா?" என்று கேட்டான்.

நீதிபதி யூலாலியைப் பார்த்தார்.

"கொண்டு வரலன்னா, பெருநாள் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டியதில்ல," என்றாள் அவள். "என் பதில் 'வேண்டாம்'." அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால் அது குளோவிஸுக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த வாரம் அவன் பட்ட பாடு நாய் படாது. வேலை முடிந்ததும் சேற்றுக்குளத்தில் போய்க் கழுத்து வரை உட்கார்ந்தான். கண்ணை மூடினால் பிஷப்பின் சுருட்டை முடிதான் வந்தது. அருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தான். தண்ணீர் விழுந்த சத்தம் அவன் குரலிலேயே பேசியது. வெள்ளிக்கிழமை ஆன்ஸ் லா ரே கிராமத்துக் கடற்கரையில் மீன் வறுவல் சந்தை. அங்கே எல்லாருக்கும் மனசு லேசாகும், தனக்கும் ஆகாதா என்று போனான். வறுத்த மீனைக் கையில் வாங்கியதும், "காலையில நீந்திச்சு, சாயங்காலம் தட்டுல," என்று பல்லிளித்தான். மீன்காரி, "போன வாரமும் இதைத்தான் சொன்னே. காரம் போடவா, வேண்டாமா?" என்றாள்.

பாவம், அந்த ஆள் தன் தீவையே வாயால் தின்று தீர்த்திருந்தான். மலையைப் பார்த்தால் மலை தெரியவில்லை, மலையைப் பற்றி அவன் சொல்லும் வசனம்தான் தெரிந்தது. பதினோரு வருஷமாக விற்ற சரக்கில் தனக்கென்று ஒரு துண்டு கூட எடுத்து வைக்கவில்லையே என்று முதல் முறையாக அவனுக்கு அழுகை வந்தது. மீனில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தான்.

அந்த வாரமும் வளைவு வந்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தான், மைக்கை எடுத்தான், "வலது பக்கம் பாருங்க" என்றான். அதில் மட்டும் மாற்றமில்லை.

சனிக்கிழமை வந்தது. அந்த வாரம் முழுக்க அவன் வேனில் சுற்றிய ஒரு கனடாக்காரப் பெண்மணி, குடை அகலத் தொப்பி போட்டவர், ராஜா ராணியைப் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்துவிட்டார். வாசலில் புரோஸ்பர் பெயர் கேட்டான்.

"மார்கரெட்," என்றார் அவர்.

புரோஸ்பர் விசிலை ஊதித் தள்ளினான். லா மார்கரீத் என்பது எதிர்ச் சங்கம், அதுவும் ஒரு பூவின் பெயர்தான். அந்தப் பூவின் பெயரை வைத்துக்கொண்டு ரோஜாவின் அரண்மனைக்குள் நுழைவதா! உளவாளி என்று கைது செய்தார்கள். நர்ஸ் செராஃபின் நாடி பிடித்துப் பார்த்து, பூ வியாதி, ஒரு கிளாஸ் இஞ்சித் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்றாள். மார்கரெட் அம்மாள் இப்படி ஒரு மரியாதையை வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு கிளாஸ் குடித்தார்.

பிறகு குளோவிஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் போய் நடுவில் நின்றான். கை நெஞ்சுக்குப் போகவில்லை, பக்கத்தில் தொங்கியது.

"சொல்லு," என்றார் நீதிபதி.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. தேடினேன். எல்லாம் சொல்லித் தீந்து போனதாவே இருக்கு."

முன் வரிசை டிரைவர்கள் முடித்துக் கொடுக்கத் தயாராக வாயைத் திறந்தவர்கள், மூடிக்கொண்டார்கள். யூலாலி தரையைப் பார்த்தாள். நீதிபதி சுத்தியலை எடுத்தார். சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற அதே சுத்தியல்.

"மன்னிக்கணும்," என்று மார்கரெட் அம்மாள் கையைத் தூக்கினார். "உளவாளி ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்த வளைவுல ஒரு கறுப்புப் பாறை இருக்குன்னு இவர் தினமும் சொல்றார். நானும் தினமும் பாக்கறேன். ஒரு பாறையும் இல்ல. இப்பத்தான் கண் ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கேன். கண்ணுல கோளாறா, இவர்ட்ட கோளாறா? அதைச் சொல்லிட்டீங்கன்னா ஊருக்கு நிம்மதியாப் போவேன்."

கூடம் மறுபடி சிரித்தது. யூலாலி சிரிக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள்.

"ஐயா, இது என் ரெண்டாவது வழக்கு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். அந்த வளைவுல இடது பக்கம் என் வீடு. எஸ்டேட்டுல ஒருத்தி கொக்கோச் சட்டியில ஆடறாள்னா ஊர்ல இருக்கற எல்லா வேனும் நின்னு பாக்குது. இவன் வேன் மட்டும் என் வாசலுக்கு வந்ததும் எல்லாரோட மூஞ்சியையும் அந்தப் பக்கம் திருப்பி விடுது. இல்லாத பாறையைக் காட்டறான், இருக்கற என்னை மறைக்கறான். என் வாசல் அவ்வளவு அசிங்கமா? அப்புறம் எதுக்கு எங்கிட்ட கல்யாணப் பேச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஷாக்-ஷாக் கிலுகிலுப்பை வைத்திருந்தவர் கூட அது குலுங்காமல் மடியில் அமுக்கிக்கொண்டார்.

"அசிங்கமா?" என்றான் குளோவிஸ். அது மைக் பிடிக்கிற குரலே இல்லை. "அசிங்கம்னா நினைச்சே? அடிப்பாவி! உன் வாசலைக் காட்டினா நான் ஏதாவது பேசணும். இடது பக்கம் பாருங்க, இதுதான் யூலாலி, இப்படித்தான் கொக்கோ மிதிப்பான்னு. மொத நாள் நல்லாருக்கும். மூணாவது நாள் அது வசனமாயிடும். மலை அப்படித்தான் போச்சு. அருவி அப்படித்தான் போச்சு. நான் வாயைத் தொறந்து தொறந்து எல்லாத்தையும் தேச்சுட்டேன். நீ ஒருத்திதான் மிச்சம். அவங்க எல்லாரும் வலது பக்கம் பாத்தாத்தான் நான் இடது பக்கம் பாக்க முடியும். நீ ஆடும்போது பாவாடையை ஒரு கையில சுருட்டிப் பிடிப்பே. பாட்டு மறந்து போச்சுன்னா காலும் நிக்கும், அப்புறம் ரெண்டும் சேந்து கிளம்பும். அதைப் பத்தி நான் ஒருத்தன்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன்."

அவன் நிறுத்தினான். இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லியே விட்டோமே என்று அப்போதுதான் உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டான்.

நீதிபதி முன் வரிசையைப் பார்த்தார். "இதை முன்னாடி கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒரு டிரைவரும் வாய் திறக்கவில்லை. நர்ஸ் செராஃபின் ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாக்குல ஒண்ணும் கோளாறு இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள்.

"உங்க கண்ணுலயும் கோளாறு இல்லம்மா," என்று மார்கரெட் அம்மாளுக்குத் தீர்ப்பு வந்தது. "மத்ததுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது நான் இல்ல." சுத்தியலைக் கீழே வைத்தார்.

எல்லாரும் யூலாலியைப் பார்த்தார்கள். அவள் வயலின்காரருக்குத் தலையாட்டி, பாட்டைத் தொடங்கிவிட்டாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று குளோவிஸ் ஞாயிறு முழுக்க யோசித்தான். அம்மாவைக் கேட்டான். "சளியா இருக்கும்," என்றாள் அவள், இரக்கமில்லாமல்.

திங்கட்கிழமை வேனில் கூட்டம். மார்கரெட் அம்மாளும் இருந்தார். சேற்றுக்குளம் முடிந்தது. பிஷப்பைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. வழுக்கைத் தலையர் ஒருவர் தானாகவே கொஞ்சம் பூசிக்கொண்டார். வேன் ஏற்றத்தில் ஏறியது. வளைவு வந்தது.

பழக்க தோஷம். வேகத்தைக் குறைத்தான், மைக்கை எடுத்தான்.

"எல்லாரும் வலது பக்கம் பாருங்க!"

தலைகள் திரும்பின, மார்கரெட் அம்மாளின் தலையைத் தவிர. குளோவிஸ் இடது பக்கம் பார்த்தான். முற்றம் காலியாக இருந்தது. இரும்புச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. கொக்கோத் தட்டுகள் உள்ளே போயிருந்தன. பாட்டுச் சத்தமும் இல்லை. பதில் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. சாலைப் பக்கம் திரும்பியவன் சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

"மெதுவா! ஏத்திடாதே!"

வேனுக்கு நேர் முன்னால், சாலையோரத்தில், கையை நீட்டிக்கொண்டு யூலாலி நின்றிருந்தாள். பூப்போட்ட சட்டை, கையில் கூடை. கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறினாள். ஊர் வழக்கப்படி வேனில் இருந்த எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னாள். பிறகு அவன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, வீணாத் தேடாதீங்க. எல்லாரும் இடது பக்கம் பாருங்க. அது என் வீடு. பெருநாள் முடிஞ்சதும் இந்தப் பொய்யனும் அங்கதான் குடியிருக்கப் போறான். சாயங்காலம் திரும்பி வரும்போது வேன் இங்க நிக்கும். கொக்கோ டீ உண்டு. அதைப் பத்தி நான் பேசுவேன், இவன் பேச மாட்டான்."

மார்கரெட் அம்மாள் கை தட்டினார். விஷயம் புரியாதவர்களும் கை தட்டினார்கள். வேன் முழுக்கத் தலைகள் இடது பக்கம் திரும்பி, காலி முற்றத்தையும் கவிழ்ந்த சட்டியையும் ஆசை ஆசையாகப் படம் பிடித்தன.

குளோவிஸ் மட்டும் முற்றத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமே வரவில்லை.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் யூலாலி.